கபச்சுரப்பி: செல் பெருக்கமும் செல் இறப்பும்

கபச்சுரப்பி (பிட்யூட்டரி) மண்டையோட்டின் அடியில் சேணம் போன்ற எலும்புக் குழியில் அமைந்தது. எடை ஏறத்தாழ அரை கிராம். பிற சுரப்பிகளை ஏவும் இதன் செல்களே ஹார்மோன்களின் ஏவலால் பெருகவும் மடியவும் செய்கின்றன.

தொடக்கம்: மூளையின் கபம் இதன் வழியே மூக்குக்கு வடிவதாகப் பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் கருதினார். அக்கருத்து 17ஆம் நூற்றாண்டில் மறுக்கப்பட்டது. பெயரில் மட்டும் கபம் தங்கிவிட்டது.

கர்ப்பச் செல்கள்: 1909இல் வியன்னாவைச் சேர்ந்த யாகோப் எர்தைம், ஸ்டும்மெயுடன் சேர்ந்து, கர்ப்பிணிகளின் சுரப்பிகளைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். சாயமேற்றிய முன்மடலில் வழக்கமாகச் சிவப்பேறும் செல்களும் நீலமேறும் செல்களும், சாயம் பிடிக்காத 'முதன்மைச் செல்களும்' தெரியும். கர்ப்பத்திலோ வெளிறிய, பருத்த செல்கள் பெருகி மற்றவற்றை நெருக்கித் தள்ளியிருந்தன. இவற்றைக் 'கர்ப்பச் செல்கள்' என்றழைத்த ஆசிரியர்கள், முதன்மைச் செல்களே இவ்வாறு மாறுவதாகக் கருதினர். பிரசவத்துக்குப் பின் சுரப்பி சுருங்கினாலும் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்புவதில்லை என்றும், பல பிள்ளை பெற்றவர்களிடம் அது கனத்தே இருந்தது என்றும் பதிவு செய்தனர். பெற்ற பிள்ளைகளின் கணக்கை அரை கிராம் சதை ஒருவாறு வைத்திருந்தது எனலாம்.

பெருக்கத்தின் மூலம்: கர்ப்பச் செல்கள், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனைச் சுரப்பவை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஈஸ்ட்ரோஜன் அவற்றைப் பெருக்குகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து வரும் டோபமின் அடக்குகிறது. டோபமினின் டி2 ஏற்பி நீக்கப்பட்ட எலிகளில் இச்செல்கள் மிகைப்பட்டதை 1997இல் வெளியான ஆய்வுகள் காட்டின. புதிய செல்கள் இருப்பவை பிளந்து வருபவையா, வளர்ச்சி ஹார்மோன் செல்கள் உருமாறியவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உருமாற்றத்துக்கு மனிதச் சுரப்பிகளில் அறிகுறிகள் கூறப்பட்டன. மரபணு அடையாளமிட்ட எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று அதை ஆதரிக்கவில்லை.

இறப்பு: திட்டமிட்ட செல் இறப்புக்குக் கெர், வைலி, கரி மூவரும் 1972இல் 'அப்போப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். அட்ரீனலை ஏவும் கபச்சுரப்பி ஹார்மோனான ஏசிடிஎச் குறையும்போது அட்ரீனல் புறணிச் செல்கள் மடிவது அதற்கு ஆரம்பகால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. பெண் எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சியில் கபச்சுரப்பிச் செல்களும் மடிகின்றன. பெருக்கத்தைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜனே அவற்றை இறப்புக்கும் இணக்கமாக்குவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன.

மருத்துவம்: டோபமினைப் போலச் செயல்படும் புரோமோகிரிப்டின், புரோலாக்டின் கட்டிகளைச் சுருக்குகிறது. சுருக்கம் பெரும்பாலும் செல்கள் சிறுப்பதால்தான் எனப்படுகிறது. இறப்பின் பங்கு விவாதத்துக்குரியது. மருந்தை நிறுத்தினால் பலருக்குக் கட்டி மீண்டும் வளர்கிறது.

அண்மையில்: 2005 முதல் இச்சுரப்பியின் குருத்தணுக்கள் பற்றிய ஆய்வுகள் வெளிவருகின்றன.