சூழலும் பார்வையும்

கண் புறவுலகை உள்ளவாறே பதியும் நிழற்படக் கருவி என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. விஞ்ஞான வரலாறு அதனைத் தகர்த்துவிட்டது.

பூனையின் மூளையில் பார்வைக்குரிய புறணியை ஆராய்ந்த ஹியூபெலும் வீசலும், அங்குள்ள நரம்புக்கலங்கள் குறித்த சாய்வுடைய கோடுகளுக்கே கிளர்ச்சியுறுவதை 1959இல் அறிவித்தனர். 1965இல் அவர்கள் வெளியிட்ட செய்தி அதனினும் வியப்பானது: அதே கோடு ஓரெல்லைக்கு அப்பால் நீண்டதும் சில கலங்கள் அடங்கிப்போயின. சுற்றுப்புறம் கலத்தின் குரலை ஒடுக்கியது.

சுற்றுப்புறம் ஒடுக்குவதோடு நிற்பதில்லை. இல்லாததைப் படைக்கவும் செய்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், கிரெகரியோடு சேர்ந்து 1991இல் இதனை மனிதரிடம் காட்டினார். மினுங்கும் புள்ளிகளிடையே ஒரு சாம்பற் சதுரம். பார்வையைச் சற்று அப்பால் நிறுத்திச் சில விநாடிகள் நோக்கினால் சதுரம் மறைந்து, புள்ளிகள் அவ்விடத்தை நிரப்பிவிடும். இத்தகைய வெற்றிடத்துக்குரிய கலங்களின் துடிப்பு படிப்படியாக உயர்வதை 1995இல் குரங்குகளிடம் நடந்த ஆய்வு புலப்படுத்தியது.

கலத்தின் விதியைச் சமுதாயத்தின் மீது அப்படியே சுமத்துதல் தகாது. எனினும், பின்வாங்கில் ஒடுங்கியிருக்கும் ஏழை மாணவனை 'மந்தன்' என்று ஒரு பார்வையில் முடிவுகட்டும் ஆசிரியர்களாகிய நாம், அம்முடிவில் அவன் எவ்வளவு, அவனைச் சூழ்ந்தவை எவ்வளவு என்று வினாவுதல் வேண்டும். தீர விசாரிப்பதே மெய் என்ற நம் முதுமொழிக்கு இன்று விஞ்ஞானமும் சான்று கூறுகிறது.