பெயர் வழங்கி ஒப்படைப்பு

பெயர் வழங்கி ஒப்படைப்பு என்பது ஓர் ஆள்களப் பெயருக்குரிய பெயர் வழங்கிகளை நடத்தும் பொறுப்பை, அதன் உரிமையாளர் வேறொரு நிறுவனத்திடம் விடுவதாகும். பெரும்பாலும் வலைத்தளத்துக்கு இடமளிக்கும் நிறுவனமே இப்பொறுப்பை ஏற்கிறது. ஆள்களப் பெயரைப் பதிதல், பெயர் வழங்கிகளை நடத்துதல், வலைத்தளத்துக்கு இடமளித்தல் ஆகியவை மூன்று வெவ்வேறு சேவைகள். இவற்றை ஒரே நிறுவனத்திடமோ வெவ்வேறு நிறுவனங்களிடமோ பெறலாம்.

வரலாறு

அர்ப்பாநெட் காலத்தில் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் பட்டியலிடப்பட்டு, கலிபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் பேணப்பட்டன. கணினிகள் பெருகியதும் இம்முறை கடினமானது. 1983 இல் பால் மொக்கபெட்ரிஸ் ஆள்களப் பெயர் முறைமையை வடிவமைத்தார். இதில் ஒவ்வொரு மட்டமும் தனக்குக் கீழுள்ள பெயர்களின் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்கிறது. இதன் அடிப்படை வரையறைகள் 1987 இல் ஆர்.எஃப்.சி. 1034, 1035 என வெளியாயின.

செயற்படும் முறை

ஒருவர் காம் என முடியும் பெயர் ஒன்றைத் தேடும்போது, காம் ஆள்களத்தின் வழங்கிகள் அத்தளத்தின் ஐ.பி. முகவரியைத் தருவதில்லை, அப்பெயருக்குப் பொறுப்பான பெயர் வழங்கிகளையே சுட்டுகின்றன. இடமளிக்கும் நிறுவனம் தரும் பெயர் வழங்கிகளின் பெயர்களை உரிமையாளர் தம் பதிவாளரிடம் பதிந்தால், பதிவாளர் அவற்றைப் பதிவகத்துக்கு அனுப்புவார். காம் ஆள்களத்தில் இச்சுட்டுகளைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் காலவரம்பு 1,72,800 நொடிகள், அதாவது இரண்டு நாட்கள். எனவே அதுவரை பழைய பெயர் வழங்கிகளும் இயங்குவது நல்லது.

நன்மைகள்

வலைத்தளத்தை வேறு கணினிக்கு மாற்றும்போது முகவரிப் பதிவுகளை நிறுவனமே திருத்திக்கொள்ளும். துணை ஆள்களங்களைச் சேர்ப்பதும் எளிது.

கவனிக்க வேண்டியவை

பெயர் வழங்கிகளை மாற்றும்போது வலைத்தளத்தின் முகவரி மட்டுமன்றி, அனைத்துப் பதிவுகளும் இடம் மாறுகின்றன. மின்னஞ்சலுக்குரிய எம்.எக்ஸ். பதிவுகளைப் புதிய இடத்தில் முன்கூட்டியே சேர்க்காவிடில், வலைத்தளம் சரியாக இயங்கினாலும் அஞ்சல்கள் வந்து சேரா. டி.என்.எஸ்.செக் கையொப்பம் பயன்பாட்டில் இருந்தால், பதிவகத்திலுள்ள டி.எஸ். பதிவை முதலில் நீக்கவோ புதிய திறவுகோலுக்கு ஏற்பச் சரிசெய்யவோ வேண்டும். தவறினால் பலருக்குத் தளமே கிடைக்காது.

ஆள்களப் பெயரின் பதிவு உரிமையாளரின் பெயரிலேயே இருத்தல் இன்றியமையாதது. அவ்வாறு இருந்தால், இடமளிக்கும் நிறுவனம் முடங்கினாலும் அவர் வேறு பெயர் வழங்கிகளுக்கு மாறிக்கொள்ள இயலும்.

தடங்கல்கள்

2016 அக்டோபர் 21 அன்று, பெயர் வழங்கிச் சேவை அளித்துவந்த டைன் நிறுவனம் மிராய் தீநிரலால் தாக்கப்பட்டது. டுவிட்டர், நெட்ஃபிளிக்சு முதலிய தளங்களைப் பலரால் அடைய முடியவில்லை; அத்தளங்களின் சொந்த வழங்கிகள் பழுதாகியிருக்கவில்லை. சொந்தமாகப் பெயர் வழங்கிகளை நடத்துவதாலும் இவ்விடர் முற்றிலும் நீங்குவதில்லை. 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்புப் பணியில் நேர்ந்த பிழையால் ஃபேஸ்புக்கின் சொந்தப் பெயர் வழங்கிகள் எட்டாதவையாகி, அதன் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பெயர் வழங்கிகள் வெவ்வேறு இடங்களிலும் வெவ்வேறு வலையமைப்புகளிலும் இருக்க வேண்டும் என 1997 இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2182 பரிந்துரைக்கிறது.