காவிரி நாட்டில் உடற்பயிற்சி



சோழ நாடு என்றவுடன் நெல்லும் கோயிலும் இசையும் நம் நினைவிற்கு வருகின்றன. உடல் வலிமை நினைவிற்கு வருவதில்லை. ஆயினும் நெல் விளைந்த இம்மண்ணில் மல்லரும் விளைந்தனர் என்பதற்குப் பழைய நூல்களே சான்று.

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரைப் பாடுவது பட்டினப்பாலை. கடற்கரை மக்கள், முதிய மரம் நின்ற மணற்பரப்பிலே கூடிக் கையாலும் படைக்கலத்தாலும் பொருது பழகிய காட்சியை அந்நூல் காட்டுகிறது. அவ்விடத்திற்குக் களரி என்று பெயர். போரவைக்கோப் பெருநற்கிள்ளி என்னும் சோழர் குலத்தான் ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடியுள்ளார். அரச குலத்தானும் மற்போர் பழகிய நாடு இது.

அதே புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதுபெரும் புலவர், கோலூன்றி நடக்கும் தம் முதுமையையும், மருத மரக்கிளையிலிருந்து மடுவிலே பாய்ந்து அடிமணலை அள்ளிவந்த தம் இளமையையும் ஒப்பிட்டு வருந்துகிறார். பதவியில் நினைவு செல்லவில்லை, பொருளில் செல்லவில்லை, நீந்திய நாளிலேதான் செல்கிறது. அறுபதைக் கடந்த எனக்கு அப்பாட்டின் பொருள் இப்பொழுதுதான் முழுமையாக விளங்குகிறது.

பின்னாளில் குஸ்தி, தண்டால், பஸ்கி ஆகியவை வடபுலத்திலிருந்து பெயரோடு வந்து நம் சிலம்பத்தோடு கலந்தன. எனினும் டெல்டாவின் பெரும்பாலான மக்களுக்கு உடற்பயிற்சி என்பது வயல்வேலையே. நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, அறுவடை, போரடிப்பு என்று ஆண்டு முழுவதும் உடல் உழைத்தது. தை மாசியில் அறுவடை முடிந்த வயலிலே இளைஞர் சடுகுடு ஆடினர். ஆனால் அக்காலம் அப்படியே திரும்பவேண்டும் என்று நான் கூறவில்லை. மாடு மேய்க்கவும் வயலில் உழைக்கவும் சென்ற எத்தனையோ பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டாத ஒன்றாக இருந்தது. வறுமை சுமத்திய உழைப்பைப் பயிற்சி என்று புகழ்வது அறமன்று.

உடற்பயிற்சியைக் கல்வியின் ஓர் அங்கமாக்கும் முயற்சி, சென்னையில் 1920ஆம் ஆண்டு உருப்பெற்றது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியை அவ்வாண்டு தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் நந்தனத்தில் ஒரு கல்லூரியாக ஓங்கி வளர்ந்தது. பயிற்சி அளிப்பவனும் பயிற்சி பெற்றவனாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. சடுகுடுவும் கபடி என்னும் பெயரோடு உலக அரங்கேறியது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் ஆடவர்க்கும், 2010இல் குவாங்சோவில் மகளிர்க்கும் அது போட்டியாயிற்று. இரண்டிலும் இந்தியாவே தங்கம் வென்றது.

இவ்வளவு வரலாறு கூறும் நான் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியனாக இருந்தபோது, பொதுத்தேர்வு நெருங்கினால் பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையைக் கணிதத்திற்குக் கொடுத்துவிடுவேன். ஓராண்டு விளையாட்டு விழாவில், பல மாதம் ஓடிப் பழகாத மாணவன் ஒருவன் பாதித் தொலைவில் மயங்கி விழுந்தான். நல்ல வேளையாக விரைவில் தெளிந்தான். தவறு அவனுடையதன்று, என்னுடையது. பயிற்சியைப் பறித்துவிட்டுப் போட்டியை மட்டும் நடத்தினேன்.

இன்று நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அதனால் உடல் வருத்தம் குறைந்தது நன்றே. ஆனால் நேற்று வயலும் ஆறும் உடலுக்குச் செய்த வேலையை இன்று செய்யவல்லது பள்ளியின் விளையாட்டுத் திடலே. 5 முதல் 17 வயது வரை உள்ளோர்க்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கமும், வாரத்தில் 3 நாளேனும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. விரைந்த நடை, மிதிவண்டி, கபடி, கும்மி, கோலாட்டம் எல்லாம் இக்கணக்கில் சேரும். பெண்மக்களுக்கும் இதே கணக்குத்தான்.

முறையறிந்து பழகுங்கள். முதலில் உடலைச் சிறிது இளக்கிக்கொண்டு, அளவைப் படிப்படியாக உயர்த்துங்கள். உச்சிவெயிலைத் தவிர்த்து, போதிய நீர் அருந்துங்கள். மயக்கமோ மார்வலியோ தோன்றினால் உடனே நிறுத்திப் பெரியவரிடம் சொல்லுங்கள். நீச்சலைத் தெரிந்தவர் துணையோடு மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் ஆற்றின் மேற்பரப்பில் தெரிவதில்லை. மேட்டூர் அணை திறந்தபின் நீரின் வேகமும் மாறிவிடும். புலவர் பாய்ந்த மடு அவர் நன்கறிந்த மடு; நீங்கள் அறியாத நீரில் இறங்காதீர்கள்.

ஒருநாள் மழையில் சம்பா விளைவதில்லை. முறை தவறாத பாசனத்தில்தான் விளைகிறது. உடலும் அவ்வாறே. ஆசிரியர்களாக இருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: விளையாட்டுப் பாடவேளையை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், இன்றும் வருந்துகிறேன்.