போர்முனையும் உளநோயும்

உள்ளத்தின் துயர் தனிமனிதனின் பலவீனமே என்று கருதுவோர் இன்றும் நம்மிடையே உளர். அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதை அறிய, முதலாம் உலக மகாயுத்தத்தின் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் தகும்.

1914இல் மூண்ட அந்த யுத்தத்தில், காப்பகழிகளுக்குள் நாட்கணக்காக எறிகணை வீச்சுக்கு உட்பட்டிருந்த படைவீரர் பலர், உடலிற் காயம் ஏதுமின்றியே பேச்சிழந்தனர், நடையிழந்தனர், உறங்கவும் அஞ்சினர். 1915இல் சார்ள்ஸ் மயர்ஸ் என்னும் வைத்தியர் இதனை 'எறிகணை அதிர்ச்சி' என்ற பெயரால் மருத்துவ ஏட்டில் எழுதினார். வெடியின் அதிர்வு மூளையைத் தாக்கியதன் விளைவு என்றே முதலில் எண்ணப்பட்டது. ஆனால் எறிகணை விழுந்த இடத்தை அணுகாதவர்களிடமும் அதே அறிகுறிகள் தோன்றின. நோயின் வேர் அவர்கள் அகப்பட்டிருந்த கொடிய நிலைமையில் உள்ளது என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. பிரித்தானியப் படையில் ஏறத்தாழ 80,000 பேர் இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றனர் என்பர்.

துயர் பொதுவாயினும் சிகிச்சை பொதுவாயிருக்கவில்லை. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரையடுத்த கிரெய்க்லொக்கார்ட்டில், 1916இல் அதிகாரிகளுக்கென ஒரு வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கு பணியாற்றியவருள் ஒருவர் றிவேர்ஸ். நீலகிரித் தோடர்களை நேரிற் சென்று ஆராய்ந்து, 1906இல் நூல் வெளியிட்ட அறிஞர் அவரே. நோயாளி அஞ்சி மறைத்த நினைவுகளை அவனையே பேசவைத்துப் பொறுமையோடு செவிமடுப்பது அவர் கையாண்ட முறை. இன்று நாம் உளவளத்துணை என வழங்குவதன் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

சாதாரணச் சிப்பாயின் கதை வேறு. பேச்சிழந்த 24 வயதுச் சிப்பாய் ஒருவனை அறையிற் பூட்டிவைத்து, மணிக்கணக்காகத் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்ததை, இலண்டன் வைத்தியர் லூயிஸ் யெலண்ட் 1918இல் எழுதிய நூலில் தமது வெற்றியாகவே விவரிக்கின்றார். 1915இல் எறிகணை அதிர்ச்சிக்காக ஐந்து மாதம் வைத்தியசாலையிற் கிடந்த ஹரி பார் என்ற சிப்பாய், 1916 ஒக்டோபரில் 'கோழை' எனத் தீர்க்கப்பட்டுத் தன் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் உட்பட, கோழைத்தனம், படையைவிட்டு ஓடுதல் முதலிய குற்றங்களுக்காகக் கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரித்தானிய அரசு மன்னிப்பு வழங்கியது 2006இலேதான். அவர்களுட் பெரும்பாலோர் சாதாரணச் சிப்பாய்களே.

அதிகாரிகளிடம் கவலையும் கொடுங்கனவும், சிப்பாய்களிடம் ஊமையும் முடக்கமும் மிகுந்திருந்ததை றிவேர்ஸ் கவனித்தார். நாம் இதை இவ்வாறு விளங்கிக்கொள்கிறோம்: எதிர்த்துப் பேச உரிமையற்றவனுக்காக அவன் உடல் பேசிற்று.

எனினும் றிவேர்ஸின் அன்பான சிகிச்சைக்கும் ஓர் எல்லை இருந்தது. யுத்தம் வேண்டுமென்றே நீடிக்கப்படுகின்றது என 1917இல் பகிரங்கமாகக் கண்டித்த கவிஞர் சீக்பிரிட் சசூன், இராணுவ நீதிமன்றத்துக்கு அன்றி கிரெய்க்லொக்கார்ட்டுக்கே அனுப்பப்பட்டார். கண்டனம் நோயாக்கப்பட்டது. அவர் மீண்டும் போர்முனைக்குத் திரும்பினார். அங்கே சிகிச்சை பெற்றுத் திரும்பிய இன்னொரு கவிஞரான வில்பிரட் ஓவன், யுத்தம் ஓய்வதற்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4இல், கொல்லப்பட்டார். மனிதனைச் செப்பனிட்டு, அவனைச் சிதைத்த இடத்துக்கே திருப்பி அனுப்புவது குணப்படுத்தலாகுமா?

இவ்வினா நமக்கு அந்நியமானதன்று. 2009இல் முடிவுற்ற யுத்தத்தின் வடுக்கள் நம் வகுப்பறைகளிலும் உள்ளன. உறங்கி வழியும் மாணவனை, கேட்ட கேள்விக்கு வாய் திறவாத மாணவியை, 'சோம்பேறி', 'முட்டாள்' என்று ஆசிரியர்களாகிய நாமும் எத்தனை முறை தீர்த்திருக்கிறோம்! அத்தீர்ப்பும் 'கோழை' என்ற பழைய தீர்ப்பின் உறவே.

செவிமடுத்தல் ஒரு வர்க்கத்தின் சலுகையன்று. துயருறும் ஒவ்வொருவரதும் உரிமை. அதே வேளையில், கேட்டறிந்த துயரின் காரணங்களை, வறுமையையும் கடனையும் காணாமற்போனோர் பற்றிய விடையின்மையையும், மாற்ற முனையாத ஆறுதல் பாதி ஆறுதலே. மாணவனின் மௌனத்தைக் கேட்கக் கற்போம்; அம்மௌனத்தை விளைவித்தவற்றுக்கு எதிராகப் பேசவும் கற்போம்.