போக்குவரத்துத் துறையின் உற்பத்தித்திறனும் நிலைத்தன்மையும்: அளவீடு

ஒரு நாட்டின் சாலை, ரயில், கப்பல், விமானப் போக்குவரத்து எவ்வளவு ஆள், எரிபொருள், முதலீட்டை விழுங்கி எவ்வளவு வேலை செய்கிறது, அதற்காக எவ்வளவு புகையைக் கக்குகிறது என்பதை நாடுகளுக்கிடையே ஒப்பிட்டுக் கணக்கிடுவது இந்த அளவீடு.

வேலையை அளக்கும் அலகுகள் டன்-கிலோமீட்டரும் பயணி-கிலோமீட்டரும். 10 டன் அரிசி மூட்டைகளை 400 கிலோமீட்டர் கொண்டுசேர்க்கும் லாரியின் கணக்கு 4,000 டன்-கிலோமீட்டர். திரும்பும்போது லோடு கிடைக்காவிட்டால் டீசலும் ஓட்டுநரின் ஒரு நாளும் செலவாகும், வரவு பூஜ்யம். அதே லாரி வழியில் 100 கிலோமீட்டர் சுற்றிப் போனாலோ கணக்கு 5,000 ஆகிவிடும். வீண் அலைச்சல் ஏட்டில் உற்பத்தியாக ஏறுவது இந்த அலகின் பழைய நோய்.

ஒப்பிடும் முறைக்குப் பொருளியலாளர் எம். ஜே. ஃபாரல் 1957இல் வழி காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்க வேளாண்மையை. 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் அவரது முறையைத் தரவு உறைப் பகுப்பாய்வாக வளர்த்தனர். குறைந்த செலவில் நிறைய வேலை செய்யும் நாடுகளை இணைத்து ஓர் எல்லைக்கோடு வரைந்து, மற்றவை அதிலிருந்து எவ்வளவு பின்தங்கியுள்ளன என்று பார்ப்பது இதன் சாரம். 0.8 மதிப்பெண் பெறும் நாடு, இப்போதைய செலவில் 80 சதவீதத்திலேயே இதே வேலையை முடித்திருக்கலாம். ஆண்டுக்காண்டு மாற்றத்தை மால்ம்குவிஸ்ட் குறியீடு சொல்லும்; 1ஐத் தாண்டினால் முன்னேற்றம்.

இவற்றில் புகைக்கு இடமில்லை. சங், ஃபேர், கிராஸ்காஃப் ஆகியோர் 1997இல் ஸ்வீடனின் காகித, மரக்கூழ் ஆலைகளை ஆராய்ந்தபோது, கழிவையும் வேண்டாத விளைபொருளாகக் கணக்கில் சேர்த்தனர். போக்குவரத்து ஆய்வுகளில் கரியமில வாயு அந்த வழியாகத்தான் நுழைந்தது.

அதன் பிறகும் எந்தப் புகை யார் கணக்கு என்ற வழக்கு தீரவில்லை. சர்வதேசக் கப்பல், விமான எரிபொருளின் உமிழ்வு ஐ.நா. காலநிலை விதிகளின்படி எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது, தனியே குறிக்கப்படும். உலகிலேயே அதிகமாகக் கப்பல் எரிபொருள் விற்கும் சிங்கப்பூருக்கு இது பெரிய வித்தியாசம். ரயிலில் டீசல் எஞ்சினை விடுத்து மின் எஞ்சின் பூட்டினால், புகை மின் உற்பத்தித் துறையின் ஏட்டுக்குப் போய்விடும். இந்திய ரயில்வே ஏற்றும் சரக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. அனல்மின் நிலையத்துக்கு அதைச் சுமந்துபோவது ரயிலுக்கு டன்-கிலோமீட்டர் வரவு. எரிப்பது வேறொரு துறையின் செலவு.