குளிர்நீர்ச் சிறு சுறாக்கள்: வீட்டுத் தொட்டி வளர்ப்பின் வரலாறு

குளிர்ந்த கடல்களில் வாழும் சிறிய சுறா இனங்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றிய கடல்நீர்த் தொட்டி மோகம் இதற்கு வித்திட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைக் கடலுப்பும் குளிரூட்டும் கருவிகளும் கடைகளுக்கு வந்தபின் இது வீடுகளுக்குள் நுழைந்தது. கடலின் ஒரு துண்டை வீட்டுக்குள் கொண்டுவரலாம் என்ற ஆசை தொழில்நுட்பத்தால் எவ்வளவு தூரம் நிறைவேறியது, அதற்குக் கடல் என்ன விலை கொடுத்தது என்ற இரண்டையும் இந்த வரலாறு காட்டுகிறது.

எவை குளிர்நீர்ச் சுறாக்கள்?

தமிழ்நாட்டு வண்ணமீன் கடைகளில் 'ஷார்க்' என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் சுறாக்களே அல்ல. 'பாலா ஷார்க்', 'ரெட் டெயில் ஷார்க்' ஆகியவை கெண்டை வகையைச் சேர்ந்த நன்னீர் மீன்கள். வேறு சில கெளுத்தி வகையைச் சேர்ந்தவை. முதுகுத் துடுப்பின் வடிவத்தைப் பார்த்து வணிகர்கள் வைத்த பெயர் இது. உண்மையான சுறாவின் உடற்கூடு எலும்பால் ஆனதன்று, குருத்தெலும்பால் ஆனது. மற்ற மீன்களுக்கு உள்ள காற்றுப்பை அதற்கு இல்லை.

தொட்டி வளர்ப்பில் பேசப்படும் குளிர்நீர் இனங்களில் மூன்று முதன்மையானவை. முதலாவது, நார்வே முதல் மேற்கு ஆப்பிரிக்கா வரையிலும் மத்தியதரைக் கடலிலும் வாழும் சிறுபுள்ளிப் பூனைச்சுறா. 1758-இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இது ஒரு மீட்டர் வரையே வளரும். இரண்டாவது, கலிபோர்னியக் கரையோரம் வாழும் கொம்புச் சுறா. முதுகுத் துடுப்புகளின் முன்னே முள் கொண்ட இதுவும் ஏறத்தாழ அதே அளவுடையது. மூன்றாவது, ஒரிகன் முதல் மெக்சிகோ வரை காணப்படும் சிறுத்தைச் சுறா. சாம்பல் உடலில் கரும்பட்டைகள் கொண்ட இது ஒன்றரை மீட்டர் வரை வளரும், சில வேளை அதற்கு மேலும் வளரும்.

கண்ணாடித் தொட்டியின் தொடக்கம்

கடல் உயிர்களை வீட்டில் வைத்துக் காக்கும் முயற்சி 1840-களில் லண்டனில் நடந்தது. 1846-இல் அன்னா தைன் என்ற பெண்மணி பவளங்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து வளர்த்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காக அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னலருகே நின்று ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நாள்தோறும் நீரை ஆற்றி ஊற்ற வேண்டியிருந்தது. இன்று மின்குழாய் செய்யும் வேலையை அன்று கை செய்தது.

1850-இல் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், செடி வெளியிடும் உயிர்வளியை மீன் பயன்படுத்துவதையும், அழுகும் இலையை நத்தை உண்பதையும் விளக்கித் தொட்டிக்குள் ஒரு சமநிலை நிலவ முடியும் என்று காட்டினார். 1845-இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியிருந்ததால் தொட்டிகளின் விலையும் குறைந்தது. 1853-இல் லண்டன் உயிரியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ் வெளியிட்ட நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லையே வீட்டுச் சொல்லாக்கியது. கடலிலிருந்து தொலைவில் வாழ்பவர்களுக்காகச் சில உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் வெளியிட்டார்.

இதன் பின் நடந்தது காஸ் எதிர்பாராதது. வாளியும் உளியுமாக மக்கள் கடற்கரைக்குத் திரண்டனர். பாறைக் குழிகளிலிருந்த கடல் சாமந்திகளும் நண்டுகளும் சிறுமீன்களும் அள்ளப்பட்டன. தந்தையின் நூல்கள் தூண்டிய இந்த ஆர்வமே தாம் சிறுவயதில் கண்ட கரைகளை வெறுமையாக்கியது என்று அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் வருந்தினார்.

லாயிடின் இருட்டுத் தேக்கம்

அந்த மோகக் காலத்தில் லண்டனில் தொட்டிகளும் கடல் உயிர்களும் விற்றவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். வீட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் கோடையில் ஏன் அழிகின்றன என்பதை அவர் உணர்ந்திருந்தார். சன்னலோரம் வைத்த தொட்டி வெயிலில் சூடாகும். சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். அதே நேரத்தில் குளிர்க்கடல் உயிரின் உடலியக்கம் விரைவுபட்டு அதற்கு உயிர்வளி கூடுதலாகத் தேவைப்படும். இந்த இரண்டுக்கும் நடுவே உயிர் மூச்சுத் திணறும்.

இதற்கு லாயிட் கண்ட தீர்வு எளியது. காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கம் ஒன்றைத் தரைக்கடியில் இருட்டில் அமைத்து, அந்த நீரை இடைவிடாமல் மேலே ஏற்றி இறக்குவது. ஒளி படாததால் அங்கே பாசி பிடிக்காது. மண்ணின் குளுமை நீரைக் குளிர்வாக வைத்திருக்கும். 1864-இல் ஹாம்பர்க்கிலும் 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் இம்முறை செயல்பட்டது. 1872-இல் பிரைட்டனில் திறக்கப்பட்டது போன்ற பெரிய காட்சியகங்கள் வந்தபின்னரே சுறா போன்ற பெரிய, அதிகக் கழிவு வெளியேற்றும் மீன்களை நீண்ட காலம் காக்கும் வழி பிறந்தது. இன்றும் பெரிய தொட்டிகளுக்குக் கீழே வைக்கப்படும் துணைத்தொட்டி லாயிடின் தேக்கத்தின் சிறு வடிவமே.

ஆய்வுக்கூடத்தில் சுறா முட்டை

பூனைச்சுறா முட்டையிடும் இனம். ஏறத்தாழ ஐந்து செ.மீ. நீளமுள்ள, தோல் போன்ற உறைக்குள் ஒரே ஒரு கரு இருக்கும். உறையின் மூலைகளிலுள்ள சுருள் இழைகள் கடற்பாசியைப் பற்றிக்கொள்ளும். குஞ்சு வெளிவரப் பல மாதங்கள் ஆகும். வெளிவரும்போது அது சுமார் பத்து செ.மீ. நீளமே இருக்கும். நீர் குளிர்வாக இருந்தால் வளர்ச்சி மெதுவாகும், வெதுவெதுப்பானால் விரைவாகும்.

உறையை ஒளிக்கு எதிரே பிடித்தால் உள்ளே அசையும் கருவைக் காணலாம். இந்த வசதியால் பூனைச்சுறா கருவியலாளர்களுக்கு விருப்பமான உயிரானது. அன்டன் டோர்ன் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நிறுவிய கடல் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் பால்ஃபோர், சுறா, திருக்கை இனங்களின் கருவளர்ச்சி பற்றிய தம் நூலை 1878-இல் வெளியிட்டார். முதுகெலும்புள்ள உயிர்களின் உறுப்புகள் உருவாகும் விதத்தை விளக்கிய முன்னோடி ஆய்வு அது. பிற்காலத்தில் வீட்டில் சுறா வளர்க்க விரும்பியவர்களில் பலரும் தொடங்கியது இதே முட்டையுறையிலிருந்துதான்.

கடலை விட்டு விலகிய தொட்டி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கடல்நீர்த் தொட்டி பெரும்பாலும் காட்சியகங்களின் சொத்தாகவே இருந்தது. 1960-களில் அமெரிக்காவில் பொட்டலத்தில் அடைத்த செயற்கைக் கடலுப்பு விற்பனைக்கு வந்தது. கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அம்மோனியாவை நுண்ணுயிர்கள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன என்ற அறிவு வடிகட்டிகளின் அமைப்பை மாற்றியது. நுரை மூலம் கழிவை அகற்றும் கருவியும், 'சில்லர்' எனப்படும் நீர்க்குளிரூட்டியும் சேர்ந்தன. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டிலும் குளிர்க்கடல் மீனை வைத்திருக்க இயலும் என்ற நிலை உருவானது.

ஆனால் கருவிகள் தீர்க்காத சிக்கல்கள் பல. சுறாவின் தலையிலுள்ள நுண்துளைகள் மிக மெல்லிய மின்புலத்தையும் உணரும். எனவே தொட்டியிலுள்ள உலோகப் பொருள்களும் மின்கசிவும் அதைத் தொந்தரவு செய்யும். மற்ற மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்குப் போடும் செம்பு மருந்து சுறாவுக்கு நஞ்சு. எல்லாவற்றுக்கும் மேலாக இடம். காற்றுப்பை இல்லாத சுறா, நீந்துவதை நிறுத்தினால் அடியில் படியும். கொம்புச் சுறாவும் பூனைச்சுறாவும் பகலில் தரையில் கிடக்கும் இயல்புடையவை என்பதால் ஓரளவு சமாளிக்கும். சுற்றித் திரியும் சிறுத்தைச் சுறாவுக்குத் திரும்பவும் சறுக்கவும் நீண்ட வெளி வேண்டும்.

சிறுத்தைச் சுறாக் குட்டிகள்

சிறுத்தைச் சுறா முட்டையிடாது, குட்டி ஈனும். ஏறத்தாழ ஓராண்டு கருவைச் சுமந்து, வசந்த காலத்தில் ஆழமற்ற குடாக்களில் ஈனுகிறது. சான் பிரான்சிஸ்கோ குடா அத்தகைய ஒரு தொட்டில். பிறக்கும்போது குட்டியின் நீளம் சுமார் இருபது செ.மீ. பட்டைகளும் புள்ளிகளுமாக அழகாக இருக்கும் அந்தக் குட்டி, வாங்குபவர் கண்ணுக்கு வீட்டுத் தொட்டிக்கென்றே பிறந்தது போல் தோன்றும். ஆனால் பெண் சுறா இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை அடையப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே குட்டிகளை அள்ளினால் அந்த இழப்பு ஈடாக நெடுங்காலம் பிடிக்கும்.

1994 முதல் கலிபோர்னியச் சட்டம், வணிகத்துக்காகப் பிடிக்கப்படும் சிறுத்தைச் சுறாவின் நீளம் 36 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்று விதித்தது. அந்த அளவு சுறா எந்த வீட்டுத் தொட்டியிலும் அடங்காது. ஆகவே கடைக்கு வந்த காட்டுக் குட்டி ஒவ்வொன்றும் சட்டத்துக்குப் புறம்பானது. ஆயினும் குடாவில் பிடிக்கப்பட்ட குட்டிகள் பல ஆண்டுகள் அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் வணிகர்களுக்கு விற்கப்பட்டன. 2006-இல் கூட்டரசு வழக்குரைஞர்கள் இதில் தொடர்புடைய சிலர்மீது குற்றஞ்சாட்டினர். சட்டவிரோதமாகப் பிடித்த விலங்கை மாநில எல்லை தாண்டி விற்பதைத் தடுக்கும் 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம் இதற்குப் பயன்பட்டது. 2007-இல் சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்பட்டன. குடாவின் வாழிடங்களைச் சீரமைக்க நிதியும் ஒதுக்கப்பட்டது. மீட்கப்பட்ட குட்டிகள் சிலவற்றை மான்டரே குடாக் காட்சியகம் பராமரித்தது.

பாறைக் குழிகளை அள்ளிய விக்டோரியா காலத்து வாளிக்கும் இந்தக் குட்டி வணிகத்துக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி. இரண்டிலும் வாங்கியவர்களில் பெரும்பாலோர் கடல் உயிர்மீது அன்பு கொண்டவர்களே. அவர்கள் தொட்டியைப் பார்த்தார்கள், அது காலியாக்கிய இடத்தைப் பார்க்கவில்லை.

இன்றைய நிலை

வளர்ந்துவிட்ட சுறாவைப் பொதுக் காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்கிறது. அவற்றிடமும் இடம் குறைவு. தொட்டியில் வளர்ந்ததைக் கடலில் விட்டால் நோய் பரவக்கூடும். அறை வெப்பத்தில் வைக்கப்பட்ட குளிர்நீர்ச் சுறா முதலில் சுறுசுறுப்பாகத் தெரியும், நிறைய உண்ணும். அதை நலம் என்று எண்ணி ஏமாறுபவர் பலர்.

சென்னை போன்ற வெப்ப நகரத்தில் இத்தகைய தொட்டிக்குக் குளிரூட்டி ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். ஒரு நாள் மின்வெட்டே போதும், நீர் சூடேறிவிடும். வெப்பக் கடல் இனமான மூங்கில் சுறா தமிழகக் கரையிலும் வாழ்கிறது. வெப்பநிலைச் சிக்கல் அதற்கு இல்லை என்றாலும் இடச்சிக்கல் உண்டு.

காட்சியகங்களில் பூனைச்சுறாக்கள் தாமே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அந்த முட்டைகளைப் பயன்படுத்தினால் கடலிலிருந்து ஒன்றையும் எடுக்க வேண்டியதில்லை. பல காட்சியகங்கள் உறைக்குள் அசையும் கருவை ஒளியூட்டிப் பார்வையாளருக்குக் காட்டுகின்றன. பால்ஃபோர் நேப்பிள்ஸில் ஆராய்ந்த அந்தக் காட்சியை இன்று பள்ளி மாணவரும் காண முடிகிறது.