பட்ட மோதிரம்

பட்ட மோதிரம் என்பது பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவரோ முடிக்கும் தறுவாயில் இருப்பவரோ தம் கல்வி நிறுவனத்தின் பெயர், முத்திரை, தேறிய ஆண்டு ஆகியவற்றைப் பொறித்து அணியும் மோதிரம். அமெரிக்காவில் இது வேரூன்றிய வழக்கம். கனடாவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் இதற்கு உறவான வழக்கங்கள் உள்ளன. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இது பரவவில்லை. எடுத்துக்காட்டாக, திருப்பதியில் பட்டம் வாங்குபவருக்குக் கிடைப்பது சான்றிதழ். முதலிடம் பெற்றவர் என்றால் ஒரு தங்கப் பதக்கம். அன்று ஒருநாள் மட்டும் தோளில் கிடக்கும் ஓர் அங்கி. ஆயினும் படித்து முடித்தவருக்கு அணி பூட்டி ஊரறியச் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதன்று. பட்டம் என்ற சொல்லே முதலில் ஓர் அணியின் பெயர்தான்.

சொல் வரலாறு

அரசர் நெற்றியில் கட்டிய பொன் தகடே பட்டம். வராகமிகிரரின் பிருகத் சம்கிதை பட்டத்தின் இலக்கணத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறது. அரசனுக்கு ஐந்து சிகரம், அரசிக்கும் இளவரசனுக்கும் மூன்று, சேனாபதிக்கு ஒன்று என்று அது வகுக்கிறது. சிகரமே இல்லாத ஐந்தாவது பட்டம் ஒன்றும் உண்டு. அது அரசன் தன் அன்புக்குரியவருக்கு அளிப்பது. கல்லூரித் தேர்வில் தேறியவரைப் பட்டதாரி என்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பட்டத்தைத் தரித்தவர் என்று பொருள். நெற்றியில் தகடு இல்லாமல் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மோதிரமும் தமிழர்க்குப் பட்டத்தோடு சேர்ந்தே வந்தது. படைத்தலைவனுக்கு ஏனாதி என்ற பட்டத்தை அரசன் வழங்கும்போது அதற்கு அடையாளமாக அளித்ததை ஏனாதி மோதிரம் என்றார்கள். ஏனாதி திருக்கிள்ளி என்ற சோழர் குடித் தலைவனைப் புறநானூறு பாடுகிறது. நாயன்மாருள் ஒருவருக்கும் ஏனாதிநாதர் என்று பெயர். வணிகருக்கு எட்டி என்ற பட்டம் தரும்போது பொற்பூ கொடுத்தார்கள். பாணருக்குப் பொற்றாமரை. இவை எல்லாமே ஒருவர் கொடுக்க மற்றவர் பெற்றுக்கொண்டவை. தனக்குத் தானே காசு கொடுத்து வாங்கி அணிந்த சிறப்பு ஒன்றும் இந்த வரிசையில் இல்லை. இன்றைய அமெரிக்க மோதிரத்துக்கும் நம் மரபுக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே.

மேலைநாட்டு வழக்கம்

இடைக்காலத்தில் இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் முனைவர் பட்டம் பெறுபவரைத் தேவாலயத்தில் நிறுத்தி, முதலில் மூடிய நூலையும் பிறகு திறந்த நூலையும் கையில் கொடுத்தார்கள். தலையில் தொப்பி வைத்து, விரலில் மோதிரம் இட்டார்கள். அவர் இனிக் கல்வியை மணந்தவர் என்பது அதன் பொருள். ஸ்வீடனில் முனைவர் பட்டம் பெறுபவர் இன்றும் பொன் மோதிரம் அணிகிறார். ஆஸ்திரியாவில் மேல்நிலைப் பள்ளி முதல் முனைவர் பட்டம் வரை மிக உயர்ந்த தேர்ச்சி பெற்ற ஒரு சிலருக்குக் குடியரசுத் தலைவரின் பெயரால் மோதிரம் வழங்கப்படுகிறது.

அமெரிக்க வழக்கம் வேறு வழியில் வந்தது. வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கழகத்தில் 1835-இல் தேறிய வகுப்பார் தங்களுக்கென ஒரு மோதிரம் செய்துகொண்டார்கள். அங்கிருந்து அது மற்றக் கல்லூரிகளுக்குப் பரவியது. கொடுப்பவர் இல்லை, வகுப்பே கூடித் தீர்மானித்து, ஒவ்வொருவரும் தம் செலவில் வாங்கிக்கொள்வது. ஆசிரியரோடு உள்ள உறவைவிடக் கூடப் படித்தவரோடு உள்ள உறவையே அது குறிக்கிறது. பல கல்லூரிகளில் படிக்கும் வரை முத்திரை தம்மைப் பார்த்திருக்கும்படி அணிவார்கள். பட்டம் பெற்ற அன்று மோதிரத்தைத் திருப்பி, முத்திரை உலகைப் பார்க்கும்படி போட்டுக்கொள்வார்கள். வெஸ்ட் பாயின்டில் அண்மைக் காலமாக இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. மறைந்த பழைய மாணவர்களின் மோதிரங்களை உருக்கி, அந்தப் பொன்னைப் புதிய வகுப்பின் மோதிரங்களில் கலக்கிறார்கள். அப்போது அது காசு கொடுத்து வாங்கிய பொருளாக இல்லாமல், முன்னோரிடமிருந்து பெற்ற பொருளாகிவிடுகிறது.

கனடாவின் இரும்பு மோதிரம் இவை எல்லாவற்றையும்விட எளியது, எனக்கு இவற்றுள் மிகவும் உயர்ந்ததாகப் படுவது. டொராண்டோப் பேராசிரியர் ஹால்டெயின் 1922-இல், பொறியாளருக்கும் ஓர் உறுதிமொழி வேண்டும் என்று கேட்டார். அதை எழுதித் தந்தவர் ருட்யார்ட் கிப்ளிங். முதல் சடங்கு 1925-இல் நடந்தது. முகப்பு சீவிய சிறு இரும்பு வளையத்தை வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் போட்டுக்கொள்கிறார்கள். வரைபடத்தில் கோடு இழுக்கும்போதெல்லாம் அது தாளில் உரசும். புதிதாக அணிந்தவருக்கு அதன் முனைகள் உறுத்தும். ஆண்டுகள் போகப் போகத் தேய்ந்து வழவழப்பாகும். கியூபெக் பாலம் கட்டும்போதே 1907-இல் இடிந்து 75 பேரைக் கொன்றது. அந்தப் பாலத்தின் இரும்பில்தான் முதல் மோதிரங்கள் செய்யப்பட்டன என்று பலரும் சொல்வது உண்மையல்ல. ஆனால் அந்தக் கதை ஏன் நிலைத்தது என்பது விளங்குகிறது. தவறு செய்தால் யார் சாவார்கள் என்பதை விரலில் எழுதி வைப்பது போன்றது அந்த மோதிரம். டொராண்டோ பகுதியில் வாழும் ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகளில் பொறியியல் முடித்த பலரின் சுண்டுவிரலில் அதைப் பார்க்கலாம்.

சமாவர்த்தனம்

இந்தியாவில் குருகுலப் படிப்பு முடிந்ததும் நடந்த சடங்கு சமாவர்த்தனம், அதாவது வீடு திரும்புதல். அன்று மாணவன் நீராடுவான். அதனால்தான் படித்து முடித்தவனுக்குச் சுநாதகன், நீராடியவன், என்று பெயர் வந்தது. இந்தி உள்ளிட்ட வட இந்திய மொழிகளில் இளங்கலைப் பட்டதாரியை இன்றும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். தைத்திரீய உபநிடதத்தின் சீட்சாவல்லியில் ஆசிரியர் விடைபெறும் மாணவனுக்குக் கூறும் அறிவுரையை நம் பல்கலைக்கழகங்கள் பல பட்டமளிப்பு மேடையில் ஓதச் செய்கின்றன.

அணிகலனைப் பொறுத்தவரை முக்கியமான சான்று ஆசுவலாயன கிருகிய சூத்திரத்தில் இருக்கிறது. பிரம்மச்சாரியாக இருந்தவரை மாணவனுக்கு அணியும் பூவும் விலக்கு. படிப்பு முடியும் நாளில் அவன் தேடிக் கொண்டுவர வேண்டிய பொருள்களை அந்நூல் வரிசையாகக் கூறுகிறது: கழுத்துக்கு ஒரு மணி, காதுக்குக் குண்டலம் இரண்டு, ஆடை ஓரிணை, குடை, செருப்பு, கோல், மாலை, பூசிக்கொள்ளும் பொடி, சந்தனம், மை, தலைப்பாகை. இவை அவனுக்கு மட்டுமல்ல. ஆசிரியருக்கும் இதே அளவு வேண்டும். இரண்டு பங்கு கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கு மட்டும் கொண்டுவந்தால் போதும் என்கிறது சூத்திரம். குண்டலமும் மணியும் இந்நாட்டின் பட்ட மோதிரம் என்று கொண்டால், அதை அணியும் முதல் உரிமை படித்தவனுடையது அல்ல, படிப்பித்தவருடையது. இந்தக் கல்வி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கும் பெரும்பாலான சாதியினருக்கும் அந்தக் குடையும் குண்டலமும் எட்டாதவையாக இருந்தன.

திருப்பதி, சித்தூர்

பழைய வட ஆர்க்காட்டின் பகுதிகளைக் கொண்டு 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம், தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் நிலம். 1888-இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருப்பதியில் லூதரன் மிஷன் பள்ளியில் படித்து, வேலூர் வழியாகச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். அதுவரை இம்மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1960-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மைசூரில் பேராசிரியராக இருந்த இராதாகிருஷ்ணன் 1921-இல் அவ்வூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, பூவால் அலங்கரித்த வண்டியைத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். ஆசிரியர் பங்கை முதலில் கொடுக்கும் பழக்கம் சூத்திரத்தோடு முடிந்துவிடவில்லை.

அன்று இப்பகுதி மாணவருக்குப் பட்டம் என்றால் சென்னைப் பல்கலைக்கழகம். லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1857-இல் அமைந்தது அது. கறுப்பு அங்கியும் முதுகில் தொங்கும் வண்ணத் துணியும் ஐரோப்பியக் குருமார் உடையிலிருந்து கிளைத்து அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தன. அப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத் தமிழர். தாமோதரம்பிள்ளை அந்தப் பட்டத்தோடு நிற்காமல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1945-இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா கல்லூரியைத் தொடங்கியது. ஆந்திர மாநிலம் பிறந்த மறு ஆண்டு, 1954-இல், ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் எழுந்தது. முதல் துணைவேந்தர் எஸ். கோவிந்தராஜுலு நாயுடு. பிறகு சமஸ்கிருத வித்யாபீடம் வந்தது. அது 2020-இல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. பெண்களுக்கெனப் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983-இலும், குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் 1997-இலும், திருப்பதி ஐ.ஐ.டி. 2015-இலும் வந்தன. ஒரே வட்டாரத்தில் இத்தனை பட்டமளிப்பு விழாக்கள் நடக்கின்றன.

மலைமேல் கோயிலில் ஒருவரைச் சிறப்பிப்பதற்கு இருக்கும் முறைகள் தீர்த்தம், சடாரி, தலையில் கட்டும் பரிவட்டம். ஊரில் பெரியவரைச் சிறப்பிக்கப் பொன்னாடை. ஆக இங்கே மரியாதை என்பது துணியாக வருகிறது. பொன் வீட்டுக்குள் நடமாடுகிறது. அந்த நடமாட்டத்தில்தான் இவ்வட்டாரத்தின் உண்மையான பட்ட மோதிரம் இருக்கிறது. கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தில் அம்மாவின் வளையலோ மோதிரமோ அடகுக் கடைக்குப் போகும். ரசீதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். பிள்ளை முதல் சம்பளம் வாங்கி மீட்டுக் கொடுத்தால் அது திரும்பி வரும். வட்டி ஏறினால் ஏலத்துக்குப் போகும். அமெரிக்க மாணவர் படிப்பு முடிந்ததும் மோதிரம் அணிகிறார். இங்கே படிப்புக்காக இன்னொருவர் மோதிரத்தைக் கழற்றுகிறார். அந்த வெறும் விரல் எந்தப் புகைப்படத்திலும் வருவதில்லை. கூடத்துச் சுவரில் தொங்கும் படத்தில் பிள்ளை வாடகை அங்கியோடு தனியாக நிற்கிறார்.

இன்றைய மாற்றங்கள்

அங்கி வேண்டாம் என்ற குரல் பழையது. 2010-இல் போபாலில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையிலேயே அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அங்கியைக் கழற்றி, அது காலனியக் காலத்து எச்சம் என்றார். பல்கலைக்கழக மானியக் குழு பட்டமளிப்பு உடைக்குக் கைத்தறியைப் பரிந்துரைத்தது. 2024-இல் மத்திய சுகாதார அமைச்சகம் தன் மருத்துவக் கல்வி நிறுவனங்களைக் கறுப்பு அங்கியைக் கைவிட்டு, உள்ளூர் மரபை ஒட்டி உடை வகுக்கும்படி கேட்டது. தாகூரின் விசுவபாரதி இதற்கெல்லாம் நெடுநாள் முன்பே வேறு வழி கண்டது. அங்கே பட்டம் பெறுபவர் கையில் கொடுப்பது ஏழிலைப்பாலையின் இலைக் கொத்து. விலையில்லாத பொருள், நாலு நாளில் வாடிவிடும்; ஆயினும் வாங்கியவர் மறப்பதில்லை.

திருப்பதிப் பல்கலைக்கழகங்கள் உள்ளூர் மரபைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானபோது வெங்கடகிரித் தறிகளும் காளஹஸ்திக் கலம்காரியும் அதன் எல்லைக்குள்ளேயே அமைந்தன. கலம்காரி என்றால் எழுதுகோல் வேலை. கடுக்காயும் பாலும் ஊட்டிய பருத்தித் துணியில், மூங்கில் குச்சியால், கையாலேயே கோடு இழுக்கிறார்கள். அந்தக் கறுப்பு மை, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து எடுப்பது. குச்சியின் நுனியில் சுற்றிய துணியை விரலால் அழுத்த அழுத்த மை இறங்கும்; எழுதுபவரின் விரல் நுனி கறுத்தே இருக்கும். படித்து முடித்தவரின் தோளில் கிடக்க, எழுதுகோலால் எழுதிய துணியைவிடப் பொருத்தமானது வேறில்லை.

திருப்பதியிலும் சித்தூரிலும் பட்டமளிப்பு நடத்தும் நிறுவனங்கள் வாடகை அங்கியை விட்டுவிட்டு, காளஹஸ்திக் கலைஞரிடம் எழுதி வாங்கிய அங்கவஸ்திரத்தை அளிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு: ஒன்று அவருக்கு, ஒன்று அவரைப் படிக்க வைத்தவருக்கு. அந்த இரண்டாவதைப் போர்த்திக்கொள்ளப் பெற்றோரையோ ஆசிரியரையோ பெயர் சொல்லி மேடைக்கு அழைக்க வேண்டும்.